நாட்டு உழவாரனா, பனை உழவாரனா? சென்னை வானில் இரண்டையும் பிரித்தறியும் முறை

சென்னையில் எந்த மாதத்தில் மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தாலும், ஓரிடத்தில் நிற்காமல் சுற்றும் சிறிய கரும்பறவைகள் கண்ணில் படும். அவற்றில் பெரும்பாலானவை இரண்டே இனங்கள்தான்: நாட்டு உழவாரன், பனை உழவாரன். இரண்டும் இங்கேயே ஆண்டு முழுவதும் தங்குபவை. பறவை பார்க்கப் புதிதாக வருபவர்கள் இவற்றில் தடுமாறுவது இயல்பு. கையில் கிடைத்தால் யாருக்கும் குழப்பம் வராது. வானத்தில்தான் உயரமும் வேகமும் நம் ஊரின் வெளிறிய பின்னணியும் சேர்ந்து நிறத்தை மறைத்துவிடுகின்றன. எஞ்சுவது கறுப்பு நிழலுரு மட்டும்.

புத்தகத்தில் நாட்டு உழவாரனுக்கு அழகான வெள்ளைப் பட்டை வரைந்திருப்பார்கள். புதியவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு வானத்தில் வெள்ளையைத் தேடுவார்கள். தெரியவில்லை என்றால் உடனே 'பனை உழவாரன்' என்று எழுதிவிடுவார்கள். நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இதுதான். வாலில் தொடங்குங்கள். வெள்ளை அடுத்தபடி.

முதலில், அது உழவாரன்தானா?

மின்கம்பியில் உட்கார்ந்திருந்தால் அது உழவாரன் இல்லை. நகருக்குள் இந்த விதியை நம்பிப் பின்பற்றலாம். உழவாரன்களின் கால் மிகக் குட்டை. நாட்டு உழவாரனுக்கு நான்கு விரல்களுமே முன்பக்கம் பார்த்திருக்கும். சுவரையோ கூட்டின் விளிம்பையோ பற்றித் தொங்க அது போதும், கம்பியைச் சுற்றிப் பிடிக்கப் போதாது. காய்ந்த கிளையில் நிமிர்ந்து உட்காரும் கொண்டை உழவாரன் என்று ஒன்று காட்டுப்பகுதிகளில் உண்டு. அது வேறு குடும்பம். தி. நகரில் அதைத் தேட வேண்டாம்.

கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவை பெரும்பாலும் தகைவிலான்கள். பறக்கும்போதும் வேறுபாடு தெரியும். தகைவிலானின் இறக்கை நடுவில் மடங்கி மடங்கி விரியும், ஒவ்வொரு அடிப்பிலும் நுனி உடம்பை நோக்கிப் பின்னால் வரும். உழவாரனின் இறக்கை தோளிலிருந்து நுனி வரை விறைப்பாக இருக்கும், மடங்குவதாகவே தெரியாது. சில நொடிகள் படபடவென்று அடித்துவிட்டு அப்படியே சறுக்கும். இந்த விறைப்பு ஒருமுறை கண்ணில் பதிந்துவிட்டால், பறவை எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் முதல் பிரிவு முடிந்துவிடும்.

குளிர்காலத்தில், தோராயமாகச் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, வலசை வரும் தகைவிலான்கள் பள்ளிக்கரணை, கேளம்பாக்கம் போன்ற நீர்நிலைகளின் மேல் உழவாரன்களோடு கலந்தே பறக்கும். அவற்றுக்கும் வால் பிளந்திருப்பதால் பனை உழவாரன் என்று எண்ணிவிடுவார்கள். வயிற்றைப் பாருங்கள். தகைவிலானுக்கு அடிப்பக்கம் வெளுப்பு, தொண்டை செம்பழுப்பு. பனை உழவாரன் மேலும் கீழும் ஒரே மங்கிய பழுப்பு.

செம்பிட்டத் தகைவிலான் இன்னொரு வகையில் ஏமாற்றும். அதன் பிட்டம் செம்மஞ்சள் நிறம், கடும் வெயிலில் வெளிறி வெள்ளையாகவே தெரியும். வெள்ளையை மட்டும் பார்ப்பவர்கள் நாட்டு உழவாரன் என்று சொல்லிவிடுவார்கள். அதன் வால் ஆழமாகப் பிளந்திருப்பதே போதும், நாட்டு உழவாரன் இல்லை என்று தள்ளிவிடலாம். வாலை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

பனைமரத்தின் மட்டையிலும் கம்பியிலும் இரண்டு மூன்றாக நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் சாம்பல் நிறத் தடித்த பறவை ஆஷி வுட்ஸ்வாலோ. பறக்கும்போது இறக்கை அகன்ற முக்கோணமாக இருக்கும். பனையைச் சுற்றியே இருப்பதால் பெயர்க் குழப்பம் வரும், அவ்வளவுதான்.

எப்போது, எங்கே நிற்பது

காலை ஆறரை முதல் எட்டரை வரை, மாலை நாலரை முதல் ஆறு வரை. நடுப்பகலில் போகாதீர்கள். பூச்சிகள் வெப்பக்காற்றோடு மேலே போகும், பறவைகளும் பின்னாலேயே போய்விடும். உச்சி வெயிலில் வானம் கண்ணைக் கூசும்போது எந்தப் பறவையும் கறுப்புத்தான்.

சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். காலையில் மேற்கு பார்த்தும் மாலையில் கிழக்கு பார்த்தும் நில்லுங்கள். எதிர்த்திசையில் ஆயிரம் பறவை பறந்தாலும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம். அங்கே நிழலுருவைத் தவிர எதுவும் கிடைக்காது, பைனாகுலர் தப்பித்தவறிச் சூரியனைத் தொட்டால் கண்ணுக்குக் கேடு.

உயரமான இடம் பெரிய உதவி. மூன்றாவது, நான்காவது மாடியின் மொட்டை மாடியில் நின்றால், சுற்றுவட்டாரத்தில் பறப்பவை கண்மட்டத்திலும் அதற்குக் கீழேயும் வரும். அப்போது அவற்றின் முதுகு தெரியும். தரையிலிருந்து ஒரு மணி நேரம் பார்த்தும் கிடைக்காத பிட்டத்து வெள்ளை, மாடியிலிருந்து பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும். மேம்பாலத்தின் மேல் நின்று பார்க்கும் யோசனை வேண்டாம். நடைபாதை இல்லாத பாலத்தில் அண்ணாந்து நிற்பது ஆபத்து.

மழை விட்ட மாலை இன்னும் சிறப்பு. ஈசல் கிளம்பினால் இரண்டு இனமும் கலந்து மரத்தின் உயரத்துக்கே இறங்கி வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அக்டோபர், நவம்பரில் இப்படி ஒரு மாலை வாய்த்தால் வேறு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு மாடிக்குப் போகலாம். இரண்டையும் ஒரே சட்டகத்தில் ஒப்பிட இதைவிட நல்ல நேரம் அமையாது.

பைனாகுலர் 8×42 போதும். 10× வாங்கினால் உருப்பெருக்கம் கூடும், பார்வைப்பரப்பு குறையும், இந்த வேகத்துக்கு அது கட்டுப்படாது. பறவையைக் கண்ட பிறகு ஃபோகஸ் சுற்றினால் அது அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். ஆகவே முன்கூட்டியே, பறவைகள் சுற்றும் தொலைவில் உள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியையோ செல்போன் கோபுரத்தையோ குறிவைத்துத் தெளிவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வெறுங்கண்ணால் ஒரு பறவையைப் பிடித்து, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடினால் வானம்தான் தெரியும்.

எடுத்த பறவையை விடாதீர்கள். கூட்டத்தில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினால் ஒரு பறவையின் வாலும் இன்னொன்றின் முதுகும் சேர்ந்து, உலகில் இல்லாத மூன்றாவது இனம் ஒன்று குறிப்பேட்டில் வந்து உட்கார்ந்துவிடும். ஒரே பறவையைக் குறைந்தது மூன்று திருப்பங்கள் வரை தொடருங்கள். திருப்பம் ஏன் முக்கியம் என்பது அடுத்து வருகிறது.

வால்

நாட்டு உழவாரனின் வால் குட்டை, நுனி வெட்டிவிட்டதுபோல் நேராக முடியும். பிளவு கிடையாது. திரும்பும்போது விரித்தால் நுனி வட்டமாகும், ஒளிக்கு எதிரே வெளிறியும் தெரியும். நேராகப் பறக்கையில் உடம்பு திடீரென முடிந்துவிட்ட தோற்றம் வரும்.

பனை உழவாரனின் வால் நீளம், ஆழமான பிளவு. ஆனால் நேராகப் பறக்கும்போது பிளவை மூடிக்கொள்ளும். அப்போது தெரிவது ஒற்றைக் கூர்முனைதான். புதியவர்கள் "பிளவே இல்லையே, அப்படியானால் நாட்டு உழவாரன்" என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில். பிளவு இருக்கிறதா என்று கேட்காதீர்கள். நுனி கூராக இருக்கிறதா, மழுங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். கூர் என்றால் மூடிய பிளவு. வில்லில் அம்பு பூட்டியதுபோல் பனை உழவாரன் தெரியும். நாட்டு உழவாரனில் வில் மட்டும்தான்.

பறவை வளைந்து திரும்பும் அரைநொடியில் பனை உழவாரனின் வால் திறக்கும். அப்போது இரண்டு கூர்முனைகள் தனித்தனியாகத் தெரியும். மூன்று திருப்பங்கள் வரை ஒரே பறவையைத் தொடரச் சொன்னது இதற்காகத்தான். முதல் திருப்பத்தில் தவறவிட்டாலும் அடுத்ததில் கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். பனை உழவாரனின் இளம் பறவைக்கு வால் சற்றுக் குட்டை, பிளவும் ஆழம் குறைவு. இறகு உதிர்த்துப் புதுப்பிக்கும் பருவத்தில் நாட்டு உழவாரனின் வாலில் ஓர் இறகு குறைந்து சிறு வெட்டு இருப்பதுபோல் தெரியலாம். இரண்டும் ஒருசேர எதிர்ப்பட்டால், அப்போது வெள்ளையும் உடற்கட்டும் தீர்ப்புச் சொல்லும்.

வெள்ளை எங்கே, எப்போது தெரியும்

நாட்டு உழவாரனுக்கு வெள்ளை இரண்டு இடத்தில்: தொண்டை, பிட்டம். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, முதுகின் கீழ்ப்பகுதியைத்தான் பிட்டம் என்கிறோம். மற்ற உடம்பெல்லாம் கரும்பழுப்பு, நல்ல ஒளியில் கொஞ்சம் பளபளப்பு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பிட்டத்து வெள்ளை முதுகோடு நிற்காமல் இருபக்கமும் இடுப்பு வரை இறங்கி வரும். அதனால் கீழிருந்து பார்த்தாலும், பறவை சாய்ந்து திரும்பும்போது வாலடியின் இருபுறமும் வெள்ளை விளிம்பு ஒன்று மின்னி மறையும். நேர் கீழே நின்று, நேராகப் பறக்கும் பறவையில் அது தெரியாது. தலைக்கு மேலே பறப்பவற்றை விட்டுவிட்டு, அடிவானத்திலிருந்து 30, 40 பாகை உயரத்தில் பக்கவாட்டில் பறப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். கழுத்து வலியும் குறையும்.

பனை உழவாரனிலும் தொண்டை உடம்பைவிடக் கொஞ்சம் வெளிறல். அதை வெள்ளை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாட்டு உழவாரனின் வெள்ளை சுண்ணாம்பு வெள்ளை, ஓரம் தெளிவாக வெட்டியிருக்கும். மெல்ல மங்கி உடல் நிறத்தோடு கலந்தால் அது வெறும் வெளிறல்.

தாழ்ந்த வெயில் இன்னொரு தந்திரம் செய்யும். மாலையில் பறவை திரும்புகையில் முதுகின் பளபளப்பில் ஒளி பட்டுத் தெறித்து, ஒரு கணம் முதுகு முழுவதும் வெண்மையாகத் தெரியும். உண்மையான பட்டை ஒவ்வொரு திருப்பத்திலும் அதே இடத்தில் வரும். தெறிப்பு ஒருமுறை முதுகில், மறுமுறை இறக்கையில் என்று இடம் மாறும். ஒருமுறை மட்டும் தெரிந்த வெள்ளையை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

உடற்கட்டும் பறக்கும் விதமும்

நீளத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று, 12, 13 செ.மீ. ஆனால் பனை உழவாரனின் நீளத்தில் பெரும்பங்கு வாலுக்கே போய்விடுகிறது. எடையைப் பாருங்கள்: நாட்டு உழவாரன் சுமார் 25 கிராம், பனை உழவாரன் சுமார் 10 கிராம். பாதிக்கும் குறைவு. அந்த வேறுபாடு வானத்தில் அப்படியே தெரியும். நாட்டு உழவாரன் குண்டுக் கட்டை, தலை உடம்போடு ஒட்டி, இறக்கை சற்று அகலம். பனை உழவாரன் எல்லாமே ஒல்லி. இறக்கை மெலிந்து நீண்டிருக்கும், உடம்பு எங்கே முடிந்து வால் எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடாது.

பறப்பிலும் இந்த எடை வேறுபாடு பேசும். பனை உழவாரன் வேகமாகப் படபடத்து, சிறு சறுக்கல், மீண்டும் படபடப்பு என்று மரங்களின் தலையைச் சுற்றி வளையவரும். தனியாகவோ சிறு குழுவாகவோ, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு இருக்கும். நாட்டு உழவாரன் கூட்டமாகச் சேரும். குறிப்பாகச் சூரியன் மறைவதற்கு முந்தைய அரைமணி நேரத்தில், கூடுகட்டியிருக்கும் கட்டடத்தைச் சுற்றி இருபது முப்பது பறவைகள் நெருக்கமாகச் சேர்ந்து, கத்திக்கொண்டே வட்டமடித்து, கலைந்து, மறுபடி சேரும். இந்தக் காட்சி பனை உழவாரனிடம் கிடையாது. நெருங்கிய கூட்டமும் சேர்ந்த கூச்சலும் கண்டால் பைனாகுலரை எடுக்கும் முன்பே பாதி விடை வந்துவிட்டது.

அதே அரைமணி நேரத்தில் வௌவால்களும் கிளம்பும். வௌவால் சறுக்காது, வெடுக்கு வெடுக்கென்று திசை மாற்றும். சறுக்கல் ஒன்றாவது கண்டால்தான் உழவாரன் என்று எழுதுங்கள்.

குரல்

இரண்டின் குரலும் மெல்லிய உச்சத்தொனி. நாட்டு உழவாரனுடையது நீண்டு இழையும் கீச்சொலிக் கோவை, கூட்டமாக எழுப்பும்போது தெரு இரைச்சலையும் தாண்டிக் கேட்கும். பனை உழவாரனுடையது இன்னும் மெலிந்த, துண்டு துண்டான 'சீ-சிசீ'. போக்குவரத்து உள்ள சாலையில் காதில் விழுவதே கடினம். குரலைக் கேட்டு இனம் சொல்லும் மெர்லின் போன்ற செயலி ஏதாவது பெயர் காட்டினால் அதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணால் வாலைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். குரலை மட்டும் வைத்து எண்ணிக்கை எழுத வேண்டாம்.

கூடு

இங்கேதான் இரண்டும் முற்றிலும் பிரிகின்றன. தெரிந்து வைத்துக்கொண்டால், எங்கே போய் நின்றால் எது கிடைக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

நாட்டு உழவாரன் மனிதன் கட்டியவற்றை நம்பி வாழ்வது. பாலத்தின் அடிப்பக்கம், பால்கனிக்குக் கீழ் மூலை, கோயில் கோபுரத்தின் மாடங்கள், பழைய கட்டடங்களின் உயர்ந்த வளைவுகள். இறகு, வைக்கோல், புல் ஆகியவற்றைக் காற்றிலேயே பிடித்து, எச்சிலால் ஒட்டி, உருண்டைக் கூடாகக் கட்டும். ஒன்றோடொன்று ஒட்டிப் பல கூடுகள் இருக்கும், பக்கவாட்டில் ஒழுங்கற்ற வாசல். இனப்பெருக்கக் காலம் முடிந்த பிறகும் இரவில் அதிலேயே தங்கும். ஆகவே கூடு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் ஆண்டின் எந்த மாலையிலும் அங்கே பறவை கிடைக்கும். காற்றில் மிதக்கும் வெள்ளை இறகு ஒன்றைத் துரத்திப் பிடித்துக்கொண்டு போகும் பறவையைப் பார்த்தால் அதைப் பின்தொடருங்கள், கூட்டுக்கே கூட்டிப்போகும்.

சென்னையில் தேடத் தகுந்த இடங்கள்: எழும்பூர் ரயில் நிலையம், உயர்நீதிமன்றம் போன்ற பழைய பெருங்கட்டடங்களின் வெளிப்பக்கம், மயிலாப்பூர், திருவான்மியூர் கோயில் கோபுரங்கள், அடையாறு, கூவம் ஆறுகளின் மேல் உள்ள பாலங்களின் அடிப்பக்கம். சுவரில் கரிய எச்சக் கோடுகளும் கீழே தரையில் சிதறிய இறகும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உயர்நீதிமன்றம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் காமிராவைத் தூக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

பனை உழவாரன் விசிறிபோல் விரியும் ஓலைக்காகவே வாழ்கிறது என்று சொல்லலாம். பனைமரத்தில் தொங்கும் ஓலையின் மடிப்புக்குள், இறகும் பஞ்சும் எச்சிலும் சேர்த்து, உள்ளங்கையைவிடச் சிறிய அரைக்கிண்ணம் ஒன்றை ஒட்டும். முட்டையையும் எச்சிலால் கூட்டோடு ஒட்டிவைப்பதால், ஓலை காற்றில் ஆடினாலும் முட்டை விழாது. கீழிருந்து கூட்டைப் பார்ப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஒரே ஓலைக்குள் பறவை திரும்பத் திரும்ப நுழைந்து வெளியேறுவதைத்தான் பார்க்க முடியும். பூங்காக்களிலும் அலுவலக வளாகங்களிலும் அழகுக்கு நடப்படும் விசிறிப் பனை வகைகளிலும் தேடுங்கள்.

நகரின் நடுவில் பனை குறைந்துவிட்டது. கிண்டி தேசியப் பூங்காவின் சுற்றுப்புறம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, கோவளம் பக்கம், கேளம்பாக்கம், வண்டலூருக்கு அப்பால் ஏரிக்கரைகள் என்று பனை வரிசையாக நிற்கும் இடங்களுக்குப் போனால் பனை உழவாரனை எளிதாகப் பார்க்கலாம். பனையேறுபவர்கள் காய்ந்த ஓலையைக் கழிக்கும் நாட்களில் கூடும் சேர்ந்தே விழும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஓர் அறிவுரை: இடத்தை வைத்து இனத்தை முடிவு செய்யாதீர்கள். இரண்டும் இரை தேடக் கூட்டிலிருந்து நெடுந்தூரம் வரும். பனை வரிசைக்கு மேல் பறப்பது நாட்டு உழவாரனாக இருக்கலாம், மயிலாப்பூர்த் தென்னைகளுக்கு மேல் பறப்பது பனை உழவாரனாக இருக்கலாம். கூட்டுக்குள் நுழைவதைப் பார்த்தால் மட்டும் இடம் சான்றாகும்.

படம் எடுத்து உறுதிசெய்ய

ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறையக் கூடாது. 1/3200 வரை போனால் நல்லது. ஐ.எஸ்.ஓ. தானியங்கியில் இருக்கட்டும். ஃபோகஸ் தொடர்முறையில் வையுங்கள். எக்ஸ்போஷரை +1 முதல் +1.3 வரை கூட்டுங்கள், இல்லையென்றால் வானத்தின் ஒளிக்கு ஏற்ப காமிரா பறவையைக் கரியாக்கிவிடும். அதற்காக +2 வரை போனால் வேறு சிக்கல்: வெள்ளைத் தொண்டையும் பிட்டத்தின் ஓரமும் வானத்தோடு கலந்து காணாமல் போகும். நாட்டு உழவாரனைப் பனை உழவாரன் என்று தவறாக எழுதவைக்கும் படங்களில் பல இப்படி வெளுத்தவைதான்.

லென்ஸ் 300 அல்லது 400 மி.மீ. போதும். 600 என்றால் பறவையைச் சட்டகத்துக்குள் பிடிப்பதே பாடு.

காமிரா இல்லாதவர்கள் செல்போனில் மெதுநகர்வு வீடியோ எடுக்கலாம். நொடிக்கு 240 சட்டகம் வரும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பறவை சிறியதாகத்தான் வரும், ஆனால் திருப்பத்தில் வால் திறக்கிறதா இல்லையா என்பது சட்டகம் சட்டகமாக நகர்த்தினால் தெரிந்துவிடும். பெரிதாக்கும் வசதியைத் தொடாதீர்கள், பறவையைத் தவறவிடுவீர்கள்.

ஒரே படத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூடிய வாலோடு வரும் பனை உழவாரனின் படத்தில் வாலே மங்கிப்போய் மழுங்கலாகத் தெரியும். தொடர்ச்சியாக எடுத்த ஐந்தாறு படங்களில் ஒன்றிலாவது வால் விரிந்திருக்கும், அதுதான் உங்களுக்கு வேண்டியது.

கீழே விழுந்த பறவை கிடைத்தால்

மழையிலோ கண்ணாடிச் சுவரில் மோதியோ உழவாரன் தரையில் விழுவதுண்டு. கால் குட்டை, இறக்கை நீளம் என்பதால் தரையிலிருந்து எழும்பத் திணறும். காயம் என்று உடனே நினைக்க வேண்டாம், களைப்பாகவும் இருக்கலாம். இனம் காண இதுதான் மிக நெருங்கிய வாய்ப்பு என்றாலும் அரை நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். பிட்டத்தில் வெள்ளை, நேர்வால், கையில் கனம் தெரிந்தால் நாட்டு உழவாரன். எங்கும் ஒரே பழுப்பு, பிளந்த நீள்வால், கையில் எடையே இல்லாததுபோல் இருந்தால் பனை உழவாரன். காலை ஒருமுறை பாருங்கள்: கூரிய நகங்கள் துணியைப் பற்றிக்கொண்டு விடாது. இழுத்துப் பிரிக்காமல் துணியோடு சேர்த்தே பெட்டிக்குள் வையுங்கள்.

காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே சுருக்கிய பருத்தித் துணி, இருட்டான அமைதியான இடம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சோறு, ரொட்டி, பால் எதுவும் கூடாது. அது பறக்கும் பூச்சி மட்டுமே தின்னும். ஒரு மணி நேரம் கழித்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், விரித்த உள்ளங்கையில் வைத்துக் கையை உயர்த்திப் பிடியுங்கள். நலமாக இருந்தால் உடம்பை உதறிவிட்டுத் தானே கிளம்பும். மேலே தூக்கி எறியவே கூடாது. இறக்கை முறிந்திருந்தால் எறிந்த வேகத்தில் செத்துவிடும். கிளம்பவில்லை என்றால் வனத்துறைக்கோ ப்ளூ கிராஸ் போன்ற விலங்குநல அமைப்புக்கோ சொல்லி ஒப்படையுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இருப்பதால் வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம், உழவாரனுக்குக் கூண்டில் உயிரும் தங்காது.

பட்டியலில் எழுதும்போது

பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் எழுதுபவர்கள் பெயரில் கவனமாக இருக்க வேண்டும். பழைய புத்தகங்கள் நாட்டு உழவாரனை 'ஹவுஸ் ஸ்விஃப்ட்' என்று சொல்லும். இப்போது அந்தப் பெயர் இமயமலையிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை வாழும் வேறோர் இனத்துக்குப் போய்விட்டது. சென்னைப் பறவைக்கு 'லிட்டில் ஸ்விஃப்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அறிவியல் பெயர் ஏபஸ் அஃபினிஸ். பனை உழவாரனுக்கு 'ஏஷியன் பாம் ஸ்விஃப்ட்', சிப்சியூரஸ் பலாசியென்சிஸ். இரண்டுக்கும் அறிவியல் விவரிப்பு எழுதியவர் ஒருவரே, ஜான் எட்வர்ட் கிரே. பனை உழவாரனுக்கு 1829இல், நாட்டு உழவாரனுக்கு 1830இல்.

ஊட்டி, வால்பாறை போகும்போது இந்தப் பாடத்தை அப்படியே எடுத்துச்செல்லாதீர்கள். அங்கே ஸ்விஃப்ட்லெட் என்ற சிறிய கரும்பழுப்பு உழவாரன் வகை பறக்கும். வெள்ளை கிடையாது, வாலில் லேசான பிளவு. நம் ஊர்ப் பழக்கத்தில் பனை உழவாரன் என்று எழுதத் தோன்றும். அதன் வால் குட்டை, உடல் ஒல்லியில்லை. வயிறு வெள்ளையாக, மார்பில் கரும்பட்டையோடு, நாட்டு உழவாரனைவிட மிகப் பெரிதாக ஒன்று பாறைமுகட்டில் பாய்ந்தால் அது ஆல்பைன் ஸ்விஃப்ட்.

கலந்த கூட்டத்தை எண்ணும்போது, முதலில் மொத்தத்தைப் பத்துப் பத்தாக எண்ணுங்கள். பிறகு கூட்டத்திலிருந்து இருபது பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாலைப் பாருங்கள். அந்த இருபதில் எத்தனை எது என்ற விகிதத்தை மொத்தத்துக்குப் போட்டு, மதிப்பீடு என்று குறிப்பில் எழுதிவிடுங்கள். வாலும் தெரியாமல் வெள்ளையும் தெரியாமல் போன பறவைகளுக்கு 'ஸ்விஃப்ட் எஸ்.பி.', அதாவது இனம் உறுதியாகாத உழவாரன், என்ற பதிவு தனியாகவே இருக்கிறது. உயரத்தில் புள்ளியாகப் பறந்த நாற்பதை ஏதோ ஒரு பெயரில் தள்ளுவதைவிட அதில் நாற்பது என்று போடுவது மேல். உறுதியான ஏழுக்கு மட்டும் இனப்பெயர் எழுதி, எந்த அடையாளத்தை வைத்து எழுதினீர்கள் என்பதையும் பக்கத்தில் இரண்டு சொல்லில் குறித்துவிடுங்கள்: 'நேர்வால், இடுப்பு வெள்ளை', அல்லது 'திருப்பத்தில் பிளவு'.